எந்நேரமும் எங்கேஜ்டு

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. அது உள்ளே போனால்தான் மனிதர் நிமிர்ந்து உட்காருவார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகத் தண்ணீர். கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, அப்புறம் பழகிப்போனது. ஆனால் அந்தச் சந்தேகம் என் தம்பி பக்கம் திரும்பிய அன்றைக்கு அந்தப் பழக்கம் எனக்கு உதவவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஓர் இன்டர்நெட் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துவிட வேண்டாம். தையல் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். முன்னறையில் ஒரு மேசை, ஒரு டெலிபோன், நான். ஊரில் யாருக்கு இன்டர்நெட் வரவில்லை என்றாலும் திட்டு என் காதில்தான் விழும். உள்ளறையில் இரும்பு அலமாரியில் வரிசையாக மோடம்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டெலிபோன் வயர், முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. வீட்டிலிருந்து ஒருவருடைய கம்ப்யூட்டர் எங்கள் நம்பருக்கு டயல் செய்தால், இங்கே ஒரு மோடம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும், விளக்கு எரியும். அவர் துண்டித்தால் அணையும். மொத்தம் நாற்பது விளக்குகள். நாற்பத்தோராவது ஆளுக்கு எங்கேஜ்டு சத்தம்தான்.

இவர் அதற்கு முன்பு டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்தவர். வாடிக்கையாளரைப் பேசிக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். மெஷின் வேலை முழுக்க என் தம்பி. ஒரு மோடம் கத்துகிற சத்தத்தைக் கேட்டே, அந்தப் பக்கம் மழையில் நனைந்த பழைய வயர் என்று சொல்லிவிடுவான். மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். இவர் ஏறியது என்னவோ மாடிதான், ஆனால் தயவு உண்மை. அவன் ஒரு வாரம் வராவிட்டால் அந்த அலமாரி வெறும் இரும்புதான் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

முதலில் மணிக்கணக்கில்தான் விற்றோம். பத்து மணி நேரம், இருபது மணி நேரம் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் ஜனங்கள் இன்டர்நெட்டுக்கு வந்து போனதைப் பார்க்க வேண்டும். கடிதத்தை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வார்கள். டயல் செய்வார்கள், அனுப்புவார்கள், வந்ததை இறக்குவார்கள், திருடன் சுவரேறிக் குதிக்கிற வேகத்தில் ஓடிவிடுவார்கள். அதனால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு பத்து குடும்பங்களைச் சமாளித்தோம்.

அப்புறம்தான் டெலிபோன் கம்பெனி தானே இன்டர்நெட் விற்க ஆரம்பித்தது. மாதம் ஒரே கட்டணம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பஸ்ஸின் முதுகில் எல்லாம் எழுதி ஒட்டினார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் நாற்பது லைனையும் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்ததே அவர்களிடம்தான். வேலியே பயிரை மேய வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இன்னும் பத்து லைன் கேட்டு எழுதிப்போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அது இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கும்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்ததும் இவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாமளும் அன்லிமிடெட் குடுத்துடுவோம்."

தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "வேணாம் மாமா. முடிவெட்டுற கடையில நாலு நாற்காலிதான் இருக்குன்னு வைங்க. வெட்டிக்கிட்டவன் எந்திரிக்க வேணாம், சாயங்காலம் வரைக்கும் உட்காரலாம்னு நீங்களே சொல்லிட்டா, அடுத்தவன் எங்க உட்காருவான்?"

"அவங்க குடுக்கறாங்கள்ல?"

"அவங்ககிட்ட நாற்காலி செய்யற பட்டறையே இருக்கு மாமா."

இவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. போட்டியாளருக்காக வாதாடுகிறானே என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருந்தேன்.

அன்லிமிடெட் வந்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். இவர் ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டு படியேறினார். அடுத்த வாரத்திலிருந்து சீட்டி நின்றுவிட்டது. உள்ளே வந்த ஒருவரும் வெளியே போகவில்லை. காலையில் எரிந்த விளக்கு சாயங்காலமும் எரிந்தது. துண்டித்தால் மறுபடி இடம் கிடைக்காது என்று பயந்து எல்லோரும் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவர்கள் ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. என் டெலிபோன் ஓயவில்லை. "எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. நீங்க என்ன ஆபீஸ் நடத்தறீங்களா, அரட்டையடிக்கறீங்களா?" என்று ஒரு வக்கீல் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டே தொண்டை கட்டிக்கொண்டது.

தம்பி ஒரு விதி வைத்தான். கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கிற இணைப்பை மெஷினே துண்டித்துவிடும். ஜனங்கள் அதையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். கடிதம் வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

இது மனித சுபாவம் என்று நான் சொன்னேன். சதி என்று இவர் சொன்னார்.

"டெலிபோன் கம்பெனிக்காரன் ஆளை அனுப்பியிருக்கான். நம்மகிட்டயே கனெக்‌ஷன் வாங்கி, நம்ம லைனையே அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நம்ம ஆளுங்க வெறுத்துப்போய் அவன்கிட்ட ஓடணும், அதான் கணக்கு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச நாளில் எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. கீழே தையல்காரர் நிமிர்ந்து பார்த்தால்கூட எதற்குப் பார்க்கிறார் என்று யோசித்தேன். சந்தேகம் தொற்றுநோய்.

இவர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். ரொம்ப நேரம் எரிகிற விளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் டெலிபோன் வயரைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய இணைப்பு அறுந்து, அவர் வீட்டு டெலிபோன் விடுபடும். அவருடைய கம்ப்யூட்டர் மறுபடி டயல் செய்வதற்குள், எப்போது போட்டாலும் எங்கேஜ்டாக இருப்பதால் இவர் சந்தேகப்படுகிற ஆளின் வீட்டுக்கு நாங்கள் போன் போட வேண்டும். மணி அடித்தால் அவர்தான் அந்த விளக்கு. எங்கேஜ்டாக இருந்தால் அவர் இல்லை. யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று மெஷினிடம் கேட்டால் அதுவே சொல்லும், தம்பி ஒரு நொடியில் கேட்டுச் சொல்லியிருப்பான். ஆனால் இவர் தம்பியிடம் கேட்கவில்லை. அந்த வித்தையைத் தம்பி சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் செய்தார்.

முதலில் மாட்டியவர் பல் டாக்டர். வயரைப் பிடுங்கியதும் நான் போட்டேன், மணி அடித்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு அவர் க்ளினிக்குக்குப் போனார்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதீங்க. நான் இன்டர்நெட்டே பார்க்கறதில்ல. போன் எங்கேஜ்டா இருந்தா எங்க மாமியார் நான் வேலையா இருக்கேன்னு நினைச்சுக்குவாங்க. முன்னாடி ரிசீவரை எடுத்துக் கீழ வச்சுப் பார்த்தேன். அது ஒரு மாதிரி கத்துது, எங்க வீட்டம்மா வந்து எடுத்து வச்சுடறா. உள்ளூர் போனுக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே சார்ஜ், உங்க அன்லிமிடெட்டும் ஒரே சார்ஜ். இதைவிட மலிவா நிம்மதி எங்கங்க கிடைக்கும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படியிறங்கும்போது இவர், "மாமியாராம். நம்பற மாதிரியா இருக்கு?" என்றார். நம்புகிற மாதிரிதான் இருந்தது. எனக்கும் ஒரு மாமியார் உண்டே.

அதற்கப்புறம்தான் மூன்றாவது அடுக்கின் கோடியில் இருந்த விளக்கு இவர் கண்ணில் பட்டது. மற்ற விளக்குகள் எப்போதாவது ஒருமுறையாவது அணையும். இது அணையவில்லை. தம்பி வைத்த கால் மணி நேர விதிகூட இதை ஒன்றும் செய்யவில்லை. இவர் அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி அதன் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் தம்பியிடமே கேட்டார். "இது யாரு?"

தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டெஸ்ட் அக்கவுண்ட் மாமா. லைன் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க."

"யாரு பார்க்கறா?"

"மெஷின்தான்."

"அதை மட்டும் உன் விதி ஏன் கட் பண்ண மாட்டேங்குது?"

"விட்டு வச்சிருக்கேன். வேணும்னுதான்."

அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் என் பென்சிலை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சொன்னபோதும் அப்படித்தான் சிவக்கும். நான் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டில் இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "உன் தம்பி நம்ம லைனை யாருக்கோ திறந்து விட்டிருக்கான்."

"வாயைக் கழுவுங்க."

"அவன் வீட்டுப் போனும் எந்நேரமும் எங்கேஜ்டு. அவன் லீவு நாளைக்கு அங்க போ. சும்மா பார்க்க வந்த மாதிரி உட்காரு. நான் இங்க அந்த வயரைப் பிடுங்கிட்டு அவன் வீட்டுக்குப் போன் போடறேன். மணி அடிக்கலைன்னா அவன் காலைத் தொட்டுக் கும்பிடறேன். அடிச்சா, அவன் இந்த மாடிப்படி ஏறக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. மணி அடித்தால் ஒரே நாளில் தம்பியும் போவான், கம்பெனியும் போகும், அப்புறம் ஆயுசுக்கும் என் சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டேன் என்றால் எனக்கும் பயம் என்றுதானே அர்த்தம்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று இவர் சொல்வார். போகிறேன் என்றேன்.

தம்பி வீட்டில் கதவைத் திறந்தது அவன் மனைவி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா. போன் பண்ணிட்டு வந்திருக்கக் கூடாதா? ஏதாவது செஞ்சு வச்சிருப்பேனே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "எங்க வீட்டுக்குப் போன் போட்டா எங்க கிடைக்குது? ஆபீஸ் வேலை ஓடுது, தொடாதேங்கறார்."

கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. திரை இருட்டாக இருந்தது, மோடத்தின் விளக்கு மட்டும் எரிந்தது. அதிலிருந்து ஒரு வயர் சுவரோரமாகப் போய் டெலிபோனுக்குப் பின்னால் நுழைந்தது. தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மகளின் சைக்கிள் பெல்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு பெல்லைப் பார்த்தான். ஆக, விளக்கு இவன்தான்.

அவன் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுத்தாள். "அக்கா, உங்ககிட்ட மறைக்க எனக்கு இஷ்டமில்ல. போன மாசம் டெலிபோன் கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்தார்."

"எங்க? இங்கயா?"

"ஆமாக்கா. இவரை வேலைக்குக் கேட்டார். பெரிய வேலை, வேலை நேரம்னு ஒரு கணக்கு உண்டு, புள்ளைக்குப் படிப்பு அவங்களே பார்த்துக்குவாங்களாம். இவர் யோசிக்கறேன்னார். ஒரு மாசத்துக்குள்ள போன் பண்றோம், பதில் சொல்லுங்கன்னுட்டுப் போனார். இன்னிக்கோட கெடு முடியுது. ஒரு போன் வரல பாருங்க." அவள் குரல் கம்மியது. "பெரிய கம்பெனின்னா இப்படித்தான் போல. ஆசை காட்டிட்டு ஏமாத்திட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் காபி போட எழுந்து போனாள். நான் அந்த வயரையே பார்த்தேன். பல் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

தம்பி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "போன் வரக் கூடாதுன்னுதான் வச்சிருக்கியா?"

அவன் பெல்லைத் திருகிக்கொண்டே தலையாட்டினான்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதே."

"அன்னிக்கு வாசல் வரைக்கும் போய் வேணாம்னு சொன்னேன்க்கா. இவளுக்குத் தெரியாது. அவர் சிரிச்சுட்டு, மறுபடி கேட்கறேன்னுட்டுப் போனார். இன்னொரு தடவை கேட்டா வேணாம்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. அதான், கேட்கவே விடல."

"மாமாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்ன கேட்பார்? அவங்க ஏன் உன்னைத் தேடி வந்தாங்க, நீ என்ன சொல்லி அனுப்பினேன்னு கேட்பார். வேணாம்னு சொன்னதை நம்புவாரா? நீயே சொல்லு."

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள் பெரிய உத்தியோகம் வேண்டாமென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதற்கு நாங்கள் வைத்த பெயர் துரோகம். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது.

"உங்க மாமா இப்ப அந்த வயரைப் பிடுங்கப் போறார்டா. பிடுங்கிட்டு இங்க போன் போடுவார். மணி அடிச்சா நீ திருடன். அதைக் கட் பண்ணு, நானே இப்பப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"கட் பண்ணினா அவங்க உள்ள வந்துடுவாங்கக்கா. காலையில இருந்து விடாம போட்டுக்கிட்டிருப்பாங்க. இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூலையில் இருந்த மோடம் கிளிக்கென்றது. விளக்கு அணைந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம். உடனே டெலிபோன் மணி அடித்தது. அந்த வீட்டில் அது அடித்து எத்தனை நாளாயிற்றோ, சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை.

"எடு," என்றேன்.

"அவங்களா இருந்தா?"

"உங்க மாமாதான். கட்டிக்கிட்டவ எனக்குத் தெரியாதா? எடுத்து என்கிட்ட குடு, நான் பேசிக்கறேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் உறுதியாகத் தலையாட்டினேன். என் வீட்டுக்காரருடைய சந்தேகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவன் எடுத்தான். "ஹலோ," என்றான். அப்புறம் நேராக நிமிர்ந்து நின்றான். "ஆமாங்க, நான்தாங்க பேசறேன்."

இவரிடம் அவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நான் கையை நீட்டினேன், அவன் கவனிக்கவில்லை. சமையலறை வாசலில் அவன் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளுக்கு மூச்சுவிடக்கூட மறந்துபோயிருந்தது. அவன் அவளைப் பார்த்தான், கழற்றிப்போட்ட சைக்கிள் பெல்லைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். வேண்டாமென்று சொல் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் அப்போதே தோன்றியது.

"சரிங்க," என்றான் அவன். "ஒண்ணாம் தேதியில இருந்து வரேங்க."

வைத்துவிட்டு அங்கேயே நின்றான். அவன் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏமாத்தலக்கா, பாருங்க, ஏமாத்தல," என்றாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? நல்லது என்றேன்.

மறுபடி மணி அடித்தது. இந்த முறை நானே எடுத்தேன்.

இவர்தான். குரலில் அப்படி ஒரு உற்சாகம். நாற்பது லைன் வாங்கிய அன்றைக்குக் கேட்ட குரல்.

"ஏய், நீயா? வயரைப் பிடுங்கினதும் போட்டேன், எங்கேஜ்டு. திரும்பப் போட்டேன், அப்பவும் எங்கேஜ்டு. யார்கூடவோ போன்ல பேசிக்கிட்டுதானே இருந்தீங்க? அப்ப அந்த விளக்கு அவன் இல்ல. நான்தான் மடையன், தங்கமான புள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். நான் சொன்னதெல்லாம் அவன்கிட்ட சொல்லிடலையே?"

"இல்ல," என்றேன்.

"சொல்லாத. சொன்னா மனசு கஷ்டப்படும். போனை அவன்கிட்ட குடு. நாளைக்குச் சீக்கிரமா வரச் சொல்லணும். அந்த விளக்கு யாருன்னு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கறோம்."

நான் ரிசீவரைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். ரிசீவருக்குள்ளிருந்து இவர், "ஹலோ, மாப்ள, ஹலோ," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.